மிதிப்பவர் இருவகை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவர்

"லீவுக்கு எங்கே போனே?" என்பது கல்லூரி திறக்கும் முதல் நாளில் எல்லா வகுப்புகளிலும் எழும் கேள்வி. ஒருவர் ஊட்டி என்பார். ஒருவர் கொடைக்கானல் என்பார். ஒருவர் தாத்தா ஊர் என்பார். திருவல்லிக்கேணியிலேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, தாத்தாவுக்கும் வேறு ஊர் இல்லாத என்போன்றவர்கள், "பீச்சுக்குப் போனேன்" என்று சொல்லிச் சிரித்து மழுப்பிவிடுவோம். இவ்வாண்டு பொங்கல் விடுமுறைக்குப் பிறகு நான் மழுப்பவில்லை. மலைக்குப் போனேன், அதுவும் சைக்கிளில் போனேன். அப்பயணத்தைப் பற்றியும், அதனால் என் உள்ளத்தில் எழுந்த சில கருத்துகளைப் பற்றியும் இம்மலரில் எழுத விழைகிறேன். பிழை இருப்பின் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

முதலில் என் தந்தையாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் மீன்பாடி வண்டி மிதிப்பவர். சென்னைக்கு வெளியே உள்ள அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: முன்பக்கம் இரண்டு சக்கரமும் பலகையும், பின்பக்கம் ஒரு சக்கரமும் இருக்கையும் கொண்ட மூன்று சக்கரப் பார வண்டிக்குத்தான் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். மீன் மட்டுமல்ல, எதையும் ஏற்றுவார்கள். விடியற்காலை ஜாம்பஜாரிலிருந்து காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டல்களுக்கும் மேன்ஷன் மெஸ்களுக்கும் போடுவது அவர் வேலை. பலர் அவ்வண்டிக்குப் பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பொருத்திக்கொண்டு விட்டார்கள். என் தந்தை இன்னும் காலால்தான் மிதிக்கிறார். இருபத்தாறு ஆண்டுகளாக மிதிக்கிறார். அவர் உழைப்பில்தான் நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப்போகிறேன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குவதற்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அவ்வண்டியிலேயே என்னை உட்கார வைத்து அழைத்துப் போனார்.

நானும் மிதிப்பவன்தான். பள்ளியில் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில், காலை நாலரை மணிக்கெல்லாம் பாரதி சாலைப் பக்கம் பேப்பர் போடுகிறேன். அந்நேரத்தில் காமராஜர் சாலையில் வேறொரு வகைச் சைக்கிள்காரர்களைக் காணலாம். தலைக்கவசம், உடலோடு ஒட்டிய உடை, கண்ணைப் பறிக்கும் பின்விளக்கு. ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையை நோக்கிக் காற்றாய்ப் பறப்பார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவர் எங்கள் தெருமுனை டீக்கடையில் நின்றார். அவர் சைக்கிளைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேட்டேன். மகிழ்ச்சியோடு கொடுத்தார். ஒரு கையால் தூக்கிவிட்டேன்! விலை கேட்டேன். சொன்னார். என் தந்தை இரண்டு ஆண்டுகளில் சம்பாதிப்பதைவிட அதிகம். "உங்க அப்பா என்ன பண்றார், தம்பி?" என்று அவர் கேட்டார். "வியாபாரம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று முழுவதும் எனக்கே விளங்கவில்லை. தானும் இரண்டு சக்கரத்தை மிதிப்பவரிடம் மூன்று சக்கரத்தை மிதிப்பவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது என்பதே உண்மை.

அவர்தான் சைக்கிள் சுற்றுலா என்று ஒன்று உண்டு என்று எனக்குச் சொன்னவர். நீலகிரி மலையைச் சைக்கிளில் சுற்றும் பயணம் 2008-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது; டிசம்பர் குளிரில் பெங்களூர், மைசூர், உதகை என்று ஒரு வாரத்துக்கும் மேலாக எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீட்டர் மிதிப்பார்கள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் இறங்கித் தள்ளாமல் ஏறி முடிப்பவர்களுக்கு அது வாழ்நாள் பெருமை. ஆப்பிரிக்காவிலும் இத்தகைய பயணங்கள் உண்டு. காடு நிறைந்த மலைகள் வழியாகவும், வாழைத் தோப்புச் சிற்றூர்கள் வழியாகவும் வெளிநாட்டார் பணம் கட்டி மிதித்துச் செல்கிறார்கள். ஆயிரம் மலைகளின் நாடு எனப்படும் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் 2025 செப்டம்பரில் உலகச் சாலைச் சைக்கிள் போட்டி நடந்தது. ஆப்பிரிக்க மண்ணில் அப்போட்டி நடந்தது அதுவே முதல் முறை.

அச்செய்தியோடு வந்த ஒரு படம் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. வீரர்கள் பாய்ந்து செல்லும் சாலையின் ஓரத்தில் மக்கள் கூட்டம்; அக்கூட்டத்தில் ஒருவர் தம் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். பின் கேரியரில் மூட்டை. எனக்கு என் தந்தை நிற்பது போலவே இருந்தது. அந்நாடுகளில் வாழைத்தாரும், தண்ணீர்க் குடமும், நோயாளியும், மணமகளும் போவது சைக்கிளில்தான். கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் இடையிலுள்ள எல்லையில் பின் இருக்கையில் ஆளேற்றிக்கொண்டு "பார்டர், பார்டர்" என்று கூவியவர்களால்தான் "போடா போடா" என்ற பெயரே பிறந்தது என்பார்கள். இன்று அது மோட்டார் சைக்கிள் வாடகை வண்டிக்கும் பெயராகிவிட்டது. ஆக, ஒரே மலை, ஒரே சாலை. ஒருவர் பணம் கொடுத்து மிதிக்கிறார். ஒருவர் பணத்துக்காக மிதிக்கிறார். திருவல்லிக்கேணியிலும் அதே கதைதான்.

என் எண்ணத்தை வீட்டில் சொன்னேன். என் தந்தை சோற்றுத் தட்டிலிருந்து தலை தூக்கினார்.

"இன்னாடா இது? நான் நாளெல்லாம் மிதிச்சிட்டு வந்து முட்டி வீங்கிக் குந்திகினு கீறேன். நீ காசு குடுத்து மிதிக்கப் போறியா?"

இதற்கு என்னிடம் விடை இல்லை. அவர் கேட்டது நியாயம். ஆனாலும் மனம் ஆறவில்லை. உழைப்பாளியின் மகனுக்கு உழைப்பு மட்டும்தான் உரியதா? மலையும் காடும் பனிக்காற்றும் வசதி படைத்தோரின் பரம்பரைச் சொத்தா? இக்கேள்வியோடுதான் நான் புறப்பட்டேன்.

எங்கே போவது? நீலகிரி என் கைக்கு எட்டாதது. வேறொரு தடையும் உண்டு. கோடையில் அம்மலைக்குள் நுழையும் வண்டிகளின் நெரிசல் தாளாமல், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் உதகைப் பக்கம் வேலை நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் விதிக்கப்பட்டது. ஒரு நாளில் எட்டாயிரம் வண்டி என்பதே ஒரு மலைக்கு *குறைத்துக் கொடுத்த* எண்ணிக்கை என்றால், அதற்கு முன் இருந்த நிலையை எண்ணிப் பாருங்கள்! முதுமலைக் காட்டு வழியில் சைக்கிளில் போவதும் எனக்கு உடன்பாடில்லை. சைக்கிளுக்குச் சத்தம் இல்லை என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்தச் சத்தமின்மையே யானைக்கும் நமக்கும் ஆபத்து. வளைவில் அது நிற்பது நமக்குத் தெரியாது; நாம் வருவது அதற்குத் தெரியாது. புகை விடாதவன் என்பதால் மட்டும் எந்தக் காட்டிலும் நுழையும் உரிமை ஒருவனுக்கு வந்துவிடாது.

நல்வாய்ப்பாக என் வகுப்புத் தோழன் ஒருவன் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவன். விடுதியில் தங்கிப் படிக்கிறான். மலையாளி என்னும் பழங்குடி வகுப்பினன். (கேரளத்து மலையாளி என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் வீட்டுமொழி தமிழே. இவ்விளக்கத்தை அவன் முதலாண்டில் நாற்பது முறையாவது கொடுத்திருப்பான்.) அவனும் நானும், ஐஸ் ஹவுஸ் பக்கத்திலிருந்து வரும் இன்னொரு தோழனும் ஆக மூவர், சென்ட்ரலில் ரயிலேறி வாணியம்பாடியில் இறங்கி, பஸ்ஸில் ஆலங்காயம் சேர்ந்தோம். அங்கே மலைத்தோழனின் சித்தப்பா வீட்டில் எங்களுக்காக மூன்று சைக்கிள்கள் காத்திருந்தன. மூன்றும் பள்ளியில் கொடுத்தவை! 2001-02-ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிப் பின்னர் எல்லோருக்கும் விரிவடைந்த அத்திட்டத்தின் சைக்கிளை நம்மில் பாதிப் பேர் வாங்கியிருப்போம். பாதிப் பேர் விற்றும் இருப்போம். ஒன்றுக்கு ஸ்டாண்டு இல்லை. ஒன்றுக்கு மணி இல்லை. மூன்றாவதற்கு மணியைத் தவிர எல்லாவற்றிலும் சத்தம் வந்தது. சைக்கிள் கடைக்காரர் செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டைகளை மாற்றி, "ஏறும்போது பிரேக் வேணாம், எறங்கும்போது அதுதான் உசுரு" என்று சொல்லி அனுப்பினார்.

இயற்பியல் மாணவன் அல்லவா, ஏறும் முன்பே நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். என் எடையும் சைக்கிளும் பையும் சேர்ந்து எண்பது கிலோ. முந்நூறு மீட்டர் உயரம் ஏற வேண்டுமானால், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்ய வேண்டிய வேலை சுமார் 2,35,000 ஜூல். உடம்பு தான் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. எனவே 9,40,000 ஜூல் தேவை. உணவுக் கணக்கில் ஏறத்தாழ 225 கலோரி. அதாவது ஐந்தாறு இட்லி! ஐந்தாறு இட்லியில் ஒரு மலையேற்றம். அதே மலையில் ஒரே ஒருவரை ஏற்றிக்கொண்டு வரும் கார், அவரோடு சேர்த்துத் தன்னுடைய ஆயிரம் கிலோ இரும்பையும் தூக்கிக்கொண்டு வருகிறது. எரிபொருளில் பெரும்பங்கு எதை ஏற்றுவதற்குச் செலவாகிறது என்று நண்பர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கணக்கு சரிதான், கால்தான் ஒத்துக்கொள்ளவில்லை. விலை உயர்ந்த சைக்கிள்களில் பல் சக்கரங்களை மாற்றி மாற்றி ஏற்றத்துக்கு ஏற்ப மிதிக்கலாம். நம் சைக்கிளில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சமதளச் சாலைக்கென்று செய்தது. மூன்றாவது வளைவில் நான் இறங்கித் தள்ளத் தொடங்கினேன். ஐந்தாவது வளைவில் ஐஸ் ஹவுஸ் தோழனும் இறங்கினான். அவன் தண்ணீர் கேன் போடுபவன், நான்கு கேனைக் கட்டிக்கொண்டு மிதிப்பவன். மலைத்தோழன் தொடக்கத்திலிருந்தே தள்ளிக்கொண்டுதான் வந்தான். "நாங்க எப்பவும் ஏறும்போது தள்ளுவோம், எறங்கும்போது ஓட்டுவோம். மெட்ராஸ்காரங்கதான் ரெண்டையும் ஓட்டப் பாப்பீங்க" என்றான். மலைப் பிள்ளைகளுக்கும் சமவெளிப் பிள்ளைகளுக்கும் ஒரே சைக்கிளைக் கொடுக்கிறார்கள் என்பதை அன்றுதான் முதன்முதலாக உணர்ந்தேன்.

தள்ளிக்கொண்டு நடந்ததால்தான் காட்டைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். இலையுதிர்ந்த மரங்களின் நடுவே வெயில் கோடு கோடாக விழுந்தது. சருகில் ஏதோ ஓடும் ஓசை. ஒரு திருப்பத்தில் மூவரும் பேசாமல் நின்றோம். பைக்கில் போயிருந்தால் அவ்விடத்தை நான்கு நொடியில் கடந்திருப்போம். பிற்பகலில் காவலூரை அடைந்தோம். கடல் மட்டத்திலிருந்து எழுநூறு மீட்டருக்கு மேல். வைணு பாப்பு வானோக்கு நிலையத்தின் வெண்ணிறக் குவிமாடங்கள் மரங்களுக்கு மேலே தெரிந்தன. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஏற்றத்தினால் மட்டும் அன்று. 1972-இல் இங்கே நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கியால் 1977-இல் யுரேனஸ் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்குண்டு. 1988-இல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இராமானுஜன் குடியிருந்ததும் கணக்கெழுதியதும் எங்கள் திருவல்லிக்கேணித் தெருக்களில் அல்லவா! நாங்கள் போனது பொதுமக்கள் பார்வையிடும் நாள் இல்லை. வெளியே நின்று பார்த்துவிட்டு மேலே சென்றோம்.

இரவு நண்பனின் சிற்றூரில் தங்கினோம். சாமைச் சோறும் அவரைக் குழம்பும் அவன் தாயார் பரிமாறினார். பிறகு முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தோம். திருவல்லிக்கேணி வானில் நான் எண்ணியிருக்கும் விண்மீன்கள் மொத்தம் முப்பது இருக்கலாம். அன்று எண்ணவே முடியவில்லை. கார்த்திகைக் கூட்டத்தில் எனக்கு ஆறு தெரிந்தது. நண்பனின் பாட்டி ஏழு என்று அடித்துச் சொன்னார். அவர் வயது எழுபதுக்கு மேல்.

நிற்க. இனிமேல்தான் நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன். அந்தப் பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தபோது, "முன்னெயும் உங்களாட்டம் சைக்கிள்ள வந்தாங்க" என்றார். வெளியூரிலிருந்து ஒரு கூட்டம் வந்ததாம். நல்லவர்கள்தாமாம். தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தார். தேநீர் கேட்டார்கள், வைத்துக் கொடுத்தார். திண்ணையில் படுத்து எழுந்தார்கள். அவரை நிற்க வைத்தும் உட்கார வைத்தும் படம் எடுத்தார்கள். போய்விட்டார்கள். "படத்துல நான் எப்பிடி இருக்கேன்னு ஒருத்தரும் காட்டல" என்றார் பாட்டி. நான் சட்டைப் பைக்குள் இருந்த கைபேசியை வெளியே எடுக்கவில்லை.

அவர்கள் அப்பயணத்துக்குத் தலைக்கு எவ்வளவு கட்டியிருப்பார்கள் என்பது பாட்டிக்குத் தெரியாது. அப்பணத்தில் ஒரு தம்ளர் தேநீரின் விலைகூட அந்தத் திண்ணைக்கு வந்து சேரவில்லை. காரில் வருவோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாட்டில்களை உடைத்துப் போடுகிறார்கள், மாட்டின் குளம்பில் குத்துகிறது என்று நண்பனின் தந்தை சொன்னார். மாநிலம் முழுவதும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தடை உண்டு. அத்தடை மலையேறும்போது மூச்சு வாங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது போலும். சைக்கிளில் வருபவர் குப்பை போடாமல் போகலாம். புகை விடாமல் போகலாம். ஆனால் சோறு போட்ட வீட்டுக்கு ஒன்றும் தராமல் போவாரானால், சுற்றுச்சூழலுக்கு நல்லவர் என்று தம்மை அவர் சொல்லிக்கொள்ளலாமா? சூழல் என்பதில் அந்தப் பாட்டி அடக்கமில்லையா?

"ஏழை மாணவன் எதைக் கொடுப்பான்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். நான் கொண்டு போனதே எழுநூறு ரூபாய். புறப்படும்போது நண்பனின் தாயார் கையில் இருநூறு ரூபாய் கொடுத்தேன், வாங்க மறுத்தார். நண்பன் என்னை முறைத்தான். விருந்துக்கு விலை பேசுகிறாயா என்று கேட்டான். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இருந்தும் நான் சொன்னதில் தவறில்லை என்றே இன்றும் எண்ணுகிறேன். ஒரு தோழன் போனால் விருந்து. பத்துப் பேர் மாதந்தோறும் போனால் அது அந்தத் தாயாருக்கு வேலை. வேலைக்குக் கூலி வேண்டும். என் தந்தை மூட்டை ஏற்றினால் கூலி கேட்கிறாரே, அதில் என்ன வெட்கம்? கூலி பேசாத இடத்தில்தான் ஏமாற்று நுழைகிறது. தனி ஆள் கையில் பணத்தைத் திணித்தால் அது தானம் போலத் தோன்றும்; வாங்குபவர் கூசுவார். ஊரே கூடி, இன்ன விலை என்று வைத்தால் யாரும் கூச வேண்டியதில்லை.

இதற்கு வழியா இல்லை? தேக்கடியில் 1990-களின் இறுதியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அதுவரை காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்களையும் வேட்டையாடியவர்களையும் வனத்துறையே அழைத்து, குழுவாகச் சேர்த்து, காட்டைக் காப்பவர்களாகவும் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் ஆக்கியது. காட்டை அவர்களைவிட அறிந்தவர் யார்? பயணிகள் கட்டும் பணம் அக்குழுவுக்குப் போகிறது. சங்கம் அமைப்பது நமக்கும் புதிதன்று. எங்கள் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. மலைவாழ் மக்களுக்கென்றே பெரும்பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் நம் மாநிலத்தில் இயங்குகின்றன. சாமையும் தேனும் புளியும் விற்பதோடு, இரண்டு நல்ல கியர் சைக்கிளை வாடகைக்கு வைப்பதும், எந்த வீட்டில் எத்தனை பேர் தங்கலாம், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதி வைப்பதும் ஒரு சங்கத்தால் ஆகாத காரியமா?

பெண்களை விட்டுவிட்டுப் பேசுகிறேன் என்று வகுப்புத் தோழியர் ஏற்கெனவே சண்டைக்கு வந்துவிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கேலி பேசியவர்களைக் கடந்து, வயல் வரப்பில் விழுந்து எழுந்து கற்றவர்கள் அவர்கள். அவர்களின் பேத்திகள் ஜவ்வாது மலைக்குச் சைக்கிளில் போகக்கூடாது என்று நான் சொல்வேனா? வீட்டில் விட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். பேராசிரியைகள் இருவர் உடன் வருவதாக இருந்தால் விடுவார்கள் என்று தோழியர் கருதுகிறார்கள். அதற்காகவும்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் இதுதான். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமை, வரும் ஆண்டில் ஒருமுறையாவது மலைச் சிற்றூரில் சைக்கிளோடு நடத்துவோம். மரம் நடும் படத்துக்காக அன்று. அவ்வூர்ப் பள்ளியில் கிடக்கும் பழுதான சைக்கிள்களைப் பழுது பார்ப்போம். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் நம் கல்லூரியில் நூறு பேராவது இருப்பார்கள். சொல்ல வெட்கப்படுவார்கள், அவ்வளவுதான். இரவில் வானம் பார்ப்போம். தங்கும் வீடுகளுக்கு ஊர் சொல்லும் விலையைக் கொடுப்போம். படம் எடுத்தால் அச்செடுத்து அனுப்புவோம்.

மாணவனுக்குச் சுற்றுலா எதற்கு, படிப்பைப் பார் என்று கூறும் பெரியோரும் உளர். அவர்களிடம் பணிவோடு சொல்வேன்: சாய்தளத்தைப் பற்றி நான் மூன்று தேர்வு எழுதியிருக்கிறேன், அது என்னவென்று தெரிந்தது ஆலங்காயத்துக்கு மேலே மூன்றாவது வளைவில்தான்.

ஊர் திரும்பிய இரவு, என் தந்தை கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"மேல ஏறும்போது நேரா மிதிச்சியா, வளைச்சு வளைச்சு மிதிச்சியா?"

"நேராத்தான் மிதிச்சேன். முடியல. தள்ளிகினு போனேன்."

"அதான் பாத்தேன். பிரிட்ஜு மேல லோடு ஏத்தும்போது நான் எப்படிப் போறேன்னு ஒரு நாளாவது பாத்துகீறியா? இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமா பாம்பு மாதிரி போகணும். தூரம் ஜாஸ்தி ஆவும். ஆனா காலு பேசாது."

தூரம் கூடினால் விசை குறையும், வேலை மாறாது. பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம் வருவதை அவர் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டார். வண்டி வராத நேரத்தில்தான் அப்படிப் போகலாம் என்றும், எதிரே ஆரன் கேட்டால் உடனே ஓரம் கட்ட வேண்டும் என்றும் எச்சரித்தார். பிறகு அவ்வூரில் சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்று கேட்டார். அந்தப் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த தபா போவும்போது சொல்லு" என்றார்.

இதுவரை பதினோரு மாணவர்களும் ஆறு மாணவியரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நான்கு பேரிடம் சைக்கிள் இல்லை. விற்காமல் வைத்திருப்பவர்கள், ஒரு வாரத்துக்கு இரவல் தர மனமுள்ளவர்கள், இயற்பியல் துறைப் படிக்கட்டில் மதிய இடைவேளையில் என்னைப் பார்க்கலாம். ஸ்டாண்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிரேக் இருக்க வேண்டும்.